போயிட்டு வர்றேன்

மஸ்கெலியா,
ஞாயிறு காலை.

அன்பு மகளுக்கு,

அப்பாவும் அம்மாவும் நலம். ஊர் வந்து சேர்ந்ததை அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். போனில் சொல்ல வராத ஒன்று மனதிலேயே கிடக்கிறது. இத்தாலியில் நீ கூட்டிப்போன எரிமலைத் தீவுகளைப் பார்த்துவிட்டுப் படகில் திரும்பி வரும்போது இரண்டு தடவை கேட்டாய், "அப்பா, தலை சுத்துதா? வாந்தி வருதா?" என்று. எலுமிச்சம்பழத்தைக் கீறி என் மூக்குக்குக் கிட்டப் பிடித்தாய். நான் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு இருட்டுக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தேன். மிலாசோவில் இறங்கி, காரில் ஏறி, மெசினா வந்து சேரும் வரைக்கும் வாய் திறக்கவில்லை. லீவு போட்டு, நீ பார்த்துக்கொள்ளும் அந்தப் பாட்டிக்கு வேறு ஆள் பிடித்து வைத்து, சேர்த்து வைத்த காசில் சீட்டு வாங்கிக் கூட்டிப்போனால், அப்பா இப்படி உம்மென்று உட்கார்ந்திருக்கிறாரே என்று உனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். எனக்குத் தலையும் சுற்றவில்லை, வாந்தியும் வரவில்லை, அம்மாடி. என்ன நடந்தது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் கரும்பலகையில் எரிமலை வரைந்தவன் நான். வெள்ளைச் சுண்ணக்கட்டியால் ஒரு முக்கோணம், நடுவில் ஒரு குழாய், உச்சியில் சிவப்பால் நாலு கோடு. "சேர், கிட்டப் போனா சுடுமா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். "சுடும்" என்பேன். அதற்கு மேல் எனக்கு என்ன தெரியும்? நம் நாட்டில் எரிமலையே இல்லை. நம் மலைகள் பல கோடி வருஷங்களுக்கு முன்னால் பூமிக்குள்ளே வெந்து உருமாறிய பாறைகள். ஆறி, தேய்ந்து, இப்போது தேயிலையைப் போர்த்திக்கொண்டு படுத்திருக்கின்றன. படகில் அந்த வழிகாட்டிப் பெண் மைக்கில் சொல்லச் சொல்ல, நீ ஒவ்வொரு வரியாக எனக்குத் தமிழில் சொன்னாய். நான் சொல்லிக்கொடுக்க நீ கேட்டுக்கொண்டிருந்த காலம் போய், நீ சொல்ல நான் கேட்டேன். அந்தச் சந்தோஷத்தை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

முதலில் வந்தது வுல்கானோ தீவு. ரோமர்களின் நெருப்புக் கடவுளுக்கு அங்கேதான் பட்டறை இருந்ததாம். உலகம் முழுக்க எரிமலைக்கு வழங்குகிற 'வோல்கேனோ' என்ற சொல்லே அந்தத் தீவிலிருந்து கிளம்பியது என்று நீ சொன்னதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. எத்தனை தடவை அந்தச் சொல்லைப் பலகையில் எழுதியிருப்பேன்! 1888இல் வெடிக்கத் தொடங்கி 1890 வரைக்கும் வெடித்த மலை, அதற்குப் பிறகு ஆவியை மட்டும் விட்டுக்கொண்டிருக்கிறது. கந்தக வாடை காற்றில் வந்தபோது மாப்பிள்ளை அழுகின முட்டை என்றார். எனக்குத் தீபாவளி வெடி வெடித்த தோட்டத்து லயத்து வீட்டு வாசல் ஞாபகம் வந்தது.

லிப்பாரியில்தான் மனம் நின்றுவிட்டது. தூரத்தில் மலைச்சரிவு வெள்ளையாகத் தெரிந்ததும் பேரன் "தாத்தா, பனி!" என்று கத்தினான். பனி இல்லை, நுரைக்கல். எரிமலைக் குழம்பு வாயுவோடு நுரைத்துக்கொண்டு வெளியே வந்து அப்படியே இறுகினால் நுரைக்கல். அதே மாதிரிக் குழம்பு நுரைக்காமல் சட்டென்று ஆறினால் கறுப்புக் கண்ணாடி. அந்தக் கறுப்புக் கண்ணாடியில் கத்தி செய்து, உலோகமே தெரியாத காலத்து மனிதர்கள் படகில் ஏற்றித் தூர தேசங்களுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். தாய் ஒன்று, பிள்ளைகள் இரண்டு. ஒன்று தண்ணீரில் மிதக்கும், மற்றது தோலை அறுக்கும். இதை ஒரு பாடமாக நடத்த இன்னொரு தடவை வகுப்புக்குப் போகமாட்டோமா என்று இருக்கிறது.

அந்த வெள்ளைச் சரிவுக்குக் கீழே கடலுக்குள் நீட்டிக்கொண்டு ஒரு துருப்பிடித்த பாலம் நின்றதே, கவனித்தாயா? நுரைக்கல்லைக் கப்பலில் ஏற்ற அமைத்த இறங்குதுறை. 2007இல் அந்தச் சுரங்கங்களை மூடிவிட்டார்கள். வெட்டினவர்களுக்கு என்ன ஆச்சு என்று அந்தப் பெண்ணிடம் கேட்கச் சொன்னேன். கல்தூசு நெஞ்சில் படிந்து மூச்சுக்குத் திண்டாடின ஆட்கள் நிறைய என்று அவள் சொன்னாள். உன் தாத்தா தேயிலை ஸ்டோரில் தூள் சலிக்கிற இடத்தில் வேலை செய்தவர். விடியற்காலை அவர் இருமுகிற சத்தத்தில்தான் எங்கள் காம்பராவே விழிக்கும். எல்லோரும் வெள்ளை மலையைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் அந்தப் பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் சலீனா. இரட்டைக் கொம்பு மாதிரி இரண்டு மலை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திராட்சைக் கொடிகளில் பூச்சி விழுந்து பிழைப்புப் போய், ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் குடும்பம் குடும்பமாகக் கப்பல் ஏறிவிட்டார்களாம். நம் கதை இதைத் திருப்பிப் போட்ட மாதிரி இருக்கிறது. 1869இல் இங்கே கோப்பியில் நோய் விழுந்தது. கோப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது. கோப்பிக்குப் பழம் பறிக்கிற காலத்தில் ஆள் இருந்தால் போதும். தேயிலைக்கு வருஷம் முழுக்க ஆள் வேண்டும். அதனால் கடல் தாண்டி வந்த நம் ஆட்கள் வந்த இடத்திலேயே தங்கினார்கள். செடியில் விழுகிற ஒரு நோய் மனுஷரை எங்கே கொண்டுபோய் விடுகிறது பார்.

சரி, ஸ்ட்ரொம்போலிக்கு வருகிறேன்.

அதைப் பார்த்ததும் நான் சொன்ன முதல் வார்த்தை "சிவனொளிபாதம்!" நீ சிரித்தாய். நம் மவுசாகலை அணைக்கட்டிலிருந்து அந்த மலையைப் பார்க்கிற மாதிரியே கூராக, தனியாக நின்றது. கடலுக்கு மேலே 924 மீட்டர்தான். ஆனால் கடலடியிலிருந்து அளந்தால் 2,700 மீட்டருக்கு மேல். நம் பிதுருதலாகலை 2,524 மீட்டர், அதை விடவும் உயரம். நாம் பார்த்தது தலையை மட்டும். 2,000 வருஷத்துக்கு மேலாக ஓயாமல் கக்கிக்கொண்டிருக்கிற மலை. மத்தியதரைக் கடலின் கலங்கரை விளக்கம் என்று மாலுமிகள் சொல்வார்களாம்.

பொழுது சாய்ந்து, படகு அந்த நெருப்புச் சரிவுக்கு முன்னால் போய் என்ஜினை நிறுத்தியதும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். பேரன்கூட என் மடியில் அசையாமல் இருந்தான். கறுப்புச் சரிவு வானத்திலிருந்து கடல் வரைக்கும் நேராக இறங்குகிறது. ஒன்றும் நடக்கவில்லை. தண்ணீர் படகில் மோதுகிற சத்தம் மட்டும். திடீரென்று உச்சியில் ஒரு சிவப்பு எழுந்தது. பொறி பொறியாக மேலே போய், விரிந்து, மெதுவாக வளைந்து விழுந்தது. சத்தமே இல்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். ஆறு எண்ணின பிறகுதான் அந்த உறுமல் வந்தது. ஒளி முந்தும், ஒலி பிந்தும் என்று பிள்ளைகளுக்கு இடி மின்னலை வைத்துச் சொல்லிக்கொடுத்தேனே, அது என் நெஞ்செலும்பில் வந்து மோதியது. அப்புறம் சரிவில் கற்கள் உருண்டு வருகிற சலசலப்பு. கூடையிலிருந்து கூழாங்கல் கொட்டுகிற மாதிரி.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது, அது ஏன் அப்படித் துப்புகிறது என்று உன் அம்மா கேட்டாள். குரக்கன் களி கிண்டும்போது அடியில் ஒரு கொப்புளம் எழும்பி, மேலே வந்து உடைந்து, கையில் சுடச்சுடத் தெறிக்குமே, அதேதான் என்றேன். குழம்புக்குள் திரண்ட வாயு மேலே வந்து உடைகிறது. பத்து இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. இத்தனை வருஷமும் வகுப்பில் இந்தக் களியை நான் ஏன் நினைக்கவில்லை?

அந்த மலையின் அடியில் ஊர் இருக்கிறது, வெள்ளை வீடுகள், கோயில் மணி. 2002 டிசம்பர் 30 அன்று சரிவின் ஒரு பகுதி அப்படியே கடலில் விழுந்து, எழும்பின அலை வீடுகளுக்குள் புகுந்ததாம். அதற்குப் பிறகு மலையின் ஒவ்வோர் அசைவையும் இராப்பகலாகக் கருவிகள் பார்க்கின்றன, ஆபத்து என்றால் சங்கு ஊதும் என்று சொன்னாய். எனக்கு நம் மீரியபெத்தைத் தோட்டம் நினைவு வந்தது. 2014 ஒக்டோபரில் அந்த லயங்களை மண் மூடின அன்றைக்கு ஒரு சங்கு ஊதியிருந்தால்... வேண்டாம், நெஞ்சு அடைக்கிறது. நெருப்புக் கக்குகிற மலையின் அடியிலேயே மனுஷரைக் காவல் காக்க முடிகிறது என்றால், நம் மலைகளிலும் முடியும். இதைத் தெரிந்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது நான் பேசாமல் இருந்ததற்கு வருகிறேன்.

உன் பெரிய அத்தையை நீ படத்தில்தான் பார்த்திருக்கிறாய். 1964இல் இந்தியாவும் இலங்கையும் நம் ஆட்களைப் பிரித்துக்கொள்ளப் போட்ட ஒப்பந்தப்படி அத்தை குடும்பத்துக்கு இந்தியப் பாஸ்போட் வந்தது. எங்கள் குடும்பத்துக்கு வரவில்லை. 1974. எனக்குப் பதினொரு வயது. தோட்டமெல்லாம் பஞ்சம். ஹட்டன் ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னார் போகிற கோச்சிக்கு வழியனுப்பப் போனோம். ஏறினவர்களும் அழுகை, நின்றவர்களும் அழுகை. அக்கா ஒரு தகரப்பெட்டியும் ஒரு கம்பளியும் வைத்திருந்தாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தடவி, "போயிட்டு வர்றேன் தம்பி" என்றாள். போகிறேன் என்று சொல்லக்கூடாது என்று நமக்கெல்லாம் பழக்கியிருக்கிறார்களே, அந்தப் பழக்கத்தில் சொன்னாள். திரும்பி வரமுடியாது என்று அவளுக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். நான் மட்டும் அதை அப்படியே நம்பினேன். ரொம்ப நாள் அப்பத்தாவிடம், "அக்கா போன கப்பல் எப்ப திரும்பும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன். கூடலூர்ப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில்தான் அங்கேயும் வேலை கிடைத்தது. காகிதம் வரும். அப்புறம் ஒரு நாள், அவள் போய்விட்டாள் என்று காகிதம் வந்தது.

எனக்குக் கப்பல் என்றால் அதுதான். ஆள் ஏறினால் முடிந்தது. அன்றைக்குக் காலை மிலாசோவில் படகு ஏறுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் போன் போட்டு, "போயிட்டு வர்றேன்" என்றேன். வாயில் வந்த வார்த்தை. இராத்திரி திரும்பி வரும்போது, தூரத்தில் மிலாசோ விளக்குகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தெரிய, காலையில் பார்த்த அதே கோட்டை, அதே துறை, அதே கயிறு கட்டுகிற கட்டை கிட்டக் கிட்ட வந்தது. கரையை விட்ட படகு அதே கரைக்கு வந்துகொண்டிருந்தது. என் அறுபது வயதுக்குப் பிறகு, நம் குடும்பத்தில் ஒருத்தன் கடலில் போய்விட்டுத் திரும்பி வருகிறான். அக்கா வாயால் சொன்னதை நான் செய்துகொண்டிருந்தேன். அந்த நேரத்தில் வாயைத் திறந்திருந்தால், அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் ஓவென்று அழுதிருப்பேன். அதனால்தான் அம்மாடி. எலுமிச்சம்பழத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற உன் கையைப் பார்த்தபோது இன்னும் தாங்கவில்லை.

நீயும் கட்டுநாயக்கா ஏர்போட்டில் அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போனாய். நான் உன்னை வா என்று இழுக்கவில்லை. உன் பிள்ளைக்கு அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது, உனக்கு வேலை இருக்கிறது. ஆனால் சிவனொளிபாத மலைப் பருவகாலத்தில் ஒரு தடவை அவனைக் கூட்டி வா. நல்லதண்ணியிலிருந்து நடக்க ஆரம்பித்தால் விடியும்போது உச்சியில் நிற்கலாம். நெருப்பு மலையை நீ எனக்குக் காட்டினாய், ஆறின மலையை நான் அவனுக்குக் காட்டுகிறேன். என் முழங்கால் அதுவரைக்கும் நன்றாகவே இருக்கும்.

லிப்பாரிக் கடையில் நீ வாங்கித் தந்த நுரைக்கல்லை அம்மாவிடம் கொடுத்தேன். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கி வெடித்த குதிகாலை இப்போது தினமும் அதில்தான் தேய்க்கிறாள். "எரிமலைக் கல்லா இது, பஞ்சு மாதிரி இருக்கு" என்கிறாள். நேற்றுப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நாலு பேர் வந்திருந்தார்கள். வாசல் இஸ்தோப்பில் ஒரு பேசின் தண்ணீர் வைத்து, கல்லைப் போடச் சொன்னேன். முங்கும் என்று மூன்று பேர் பந்தயம் கட்டினார்கள். மிதந்தது. சின்னவள் அதை விரலால் அழுத்தி அழுத்தி விட்டாள். ஒவ்வொரு தடவையும் மேலே வந்தது.

படகில் பேரன் என் மடியில் உட்கார்ந்திருந்த படத்தை அனுப்பச் சொன்னேனே, மறந்துவிடாதே. அம்மா அதை ஹட்டனில் கொடுத்துப் பெரிதாக எடுத்து வரச் சொல்கிறாள். அக்கா படத்துக்குப் பக்கத்தில் ஆணி அடித்து வைத்துவிட்டேன்.

உன் அப்பா