கருப்பட்டிக்கு ஒரு துணை

ராஜபாளையம்
ஞாயிறு மாலை

அன்புள்ள கயல்,

போனில் பேசினால் பாதிப் பேச்சு உன் அம்மாவுக்குப் போய்விடுகிறது. மீதியைக் கருப்பட்டி குரைத்தே முடித்துவிடுகிறாள். அதனால்தான் எழுதுகிறேன். முப்பத்தேழு வருஷம் ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்தியவனுக்கு, சொந்தமாக ஒன்று எழுதிப் பார்க்கும் ஆசையும் இருக்காதா? படித்துவிட்டு மாப்பிள்ளையிடமும் கொடு.

"தனியாக் கிடந்து அழுறாப்பா, பாவமா இருக்கு. துணைக்கு இன்னொரு குட்டி எடுத்துடலாமா?" என்று கேட்டாய். தெருமுனை வீட்டில் ஒன்றரை மாதக் குட்டிகள் இருக்கின்றன, சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாய். அன்றைக்கு நான் "பார்க்கலாம்மா" என்று இழுத்தேன். இப்போது நேராகவே சொல்கிறேன். இப்போதைக்கு வேண்டாம். எப்போதுமே வேண்டாம் என்று சொல்லவில்லை.

நீ அனுப்பிய கேமரா வீடியோக்களை மூன்று தடவை பார்த்தேன். அம்மா, "சீரியல் பாக்குற மாதிரி பாக்குறீங்களே" என்றாள். காலையில் நீங்கள் இருவரும் கிளம்பிய பிறகு எடுத்ததை நீயும் இன்னொரு தடவை போட்டுப் பார். கருப்பட்டி கதவடியிலேயே நிற்கிறாள். பிறாண்டுகிறாள், மூச்சிரைக்கிறாள், எச்சில் ஒழுகுகிறது. நடுவில் கீழே தெருநாய்கள் சண்டை போடும் சத்தம் நன்றாகக் கேட்கிறது. அவள் காதைக்கூடத் திருப்பவில்லை. ஆனால் லிஃப்ட் கதவு திறக்கும் சத்தம் வந்ததும் துள்ளி எழுந்தாள். மத்தியானம் எடுத்ததில், வேலைக்கு வரும் அக்கா வீடு பெருக்குகிறார். அவர் இவளைக் கொஞ்சவில்லை, பார்க்கக்கூட இல்லை. அந்த அரை மணி நேரம் கருப்பட்டி வாளிக்குப் பக்கத்தில் படுத்து அசந்து தூங்குகிறாள்.

நாய்க்கு ஏங்குகிற நாயா இது? எனக்கு அப்படித் தெரியவில்லை. மனுஷருக்கு ஏங்குகிறாள். இன்னொரு குட்டி வந்தால் கதவடியில் நின்று இரண்டு பேர் அழுவார்கள், அவ்வளவுதான்.

இதை வீடியோவை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. நம் பழைய நாய்கள் வீரனும் சூரனும் உனக்கு ஞாபகம் இருப்பார்கள். ஆனால் அவர்கள் கதையில் உனக்குத் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது.

2005 ஜனவரியில் நம் நாட்டு நாய்கள் நான்குக்குத் தபால் தலை வந்தது. இமயமலை மேய்ச்சல் நாய், ராம்பூர் ஹவுண்ட், முதோல் ஹவுண்ட், கூடவே நம் ராஜபாளையம். ஊர் பெயருள்ள நாயை ஊர் போஸ்ட் ஆபீஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து விற்றேன். அந்தப் பெருமை தலைக்கேறித்தான் ஒரு குட்டி வாங்கக் கிளம்பினேன். விற்றவர், "ஒண்ணா எடுக்காதீங்க சார், ஏங்கிப்போகும். அண்ணன் தம்பியா ரெண்டு கொண்டுபோங்க, துணைக்குத் துணையாச்சு" என்றார். பால் வெள்ளை, இளஞ்சிவப்பு மூக்கு. ஒரே அட்டைப்பெட்டியில் இரண்டையும் தூக்கிக்கொண்டு வந்தேன். உனக்கு அப்போது எட்டு வயது.

முதல் ஆறு மாதம் எனக்கு வேலையே இல்லை. அவனுக்கு இவன், இவனுக்கு அவன். விளையாட்டு, தூக்கம் எல்லாம் ஒன்றாகத்தான். எவ்வளவு சமத்து என்று எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் கூப்பிட்டால் இரண்டும் வராது. நம் முகத்தைப் பார்க்க அவற்றுக்கு ஒரு காரணமும் இல்லை. ஒன்றை ஊசிக்குக் கொண்டுபோனால் மற்றது தெருவே கூடும்படி ஊளையிடும். நம் வீட்டில் சோறு தின்ற இரண்டு நாய்கள் அவை. நம் நாய் என்று சொல்ல முடியாது.

ஒன்றரை வயதில் அது மாறியது. இரண்டும் கடுவன், ஒரே வயது, ஒரே உயரம். யார் பெரியவன் என்ற கேள்வி ஒருநாள் வந்துதானே ஆகும். மாட்டுப்பொங்கல் அன்று கறிச்சட்டி கழுவின தண்ணீருக்கு ஆரம்பித்த சண்டை. அம்மா ஊடே கையை விட்டுவிட்டாள். அவள் வலது கையில் இருக்கிற தழும்பு தகரம் கிழித்தது என்று உனக்குச் சொல்லியிருக்கிறோம். தகரம் இல்லை, சூரனின் பல். இரண்டு நாய்க்கும் வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருந்தது. இருந்தாலும் அவள் ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரிக்குப் போய் எல்லா ஊசியையும் போட்டுக்கொண்டாள். ரேபிஸ் வந்தால் பிழைக்க வைக்க மருந்து கிடையாது. அதில் விளையாடக் கூடாது. சூரனை ஸ்ரீவில்லிபுத்தூர் சித்தப்பா தோட்டத்தில் விட்டேன். "தோட்டத்துக்குக் காவல் வேணுமாம்" என்று உன்னிடம் சொன்னேன். நீ இரண்டு நாள் சாப்பிடவில்லை. அந்தப் பொய்யை இருபது வருஷம் கழித்து இந்தக் கடிதத்தில் இறக்கி வைக்கிறேன்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. சூரன் போன மறுநாள் வீரன் நடுமுற்றத்தில் படுத்திருந்தான். பின்னாலிருந்து கூப்பிட்டேன், தட்டினேன், தாம்பாளத்தைக் கீழே போட்டேன். திரும்பவே இல்லை. சோகம் என்று நினைத்தோம். மாட்டாஸ்பத்திரி டாக்டர்தான் பார்த்துவிட்டு, பிறவிச் செவிடு என்றார். வெள்ளை நாய்களுக்கு வருவதுதானாம். தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் உள்காதுக்குள்ளும் இருக்க வேண்டுமாம். அங்கே அவை இல்லாவிட்டால், பிறந்த சில வாரத்திலேயே காதின் நுண்ணிய பகுதிகள் பட்டுப்போகும் என்று விளக்கினார்.

யோசித்துப் பார். பதினெட்டு மாதம் செவிட்டு நாயை வைத்துக்கொண்டு நமக்குத் தெரியவில்லை. கேட் சத்தத்துக்குச் சூரன் எழுந்தால் வீரனும் எழுவான். தட்டுச் சத்தத்துக்கு அவன் ஓடினால் இவனும் ஓடுவான். தம்பியின் காதை வைத்துக்கொண்டே காலம் தள்ளியிருக்கிறான். துணை இருந்ததால் அவன் குறை நம் கண்ணில் படவே இல்லை. தனியானதும் மூன்று வாரம் தடுமாறினான். அப்புறம் நீதான் கை அசைத்துக் கூப்பிடப் பழக்கினாய், இருட்டில் டார்ச் அடித்துக் கூப்பிட்டாய். அதன் பிறகு பதினோரு வருஷம் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்த நாய் அது.

கருப்பட்டிக்குக் காது கேட்கிறது, அது வேறு. ஆனால் அவளுக்கும் ஒரு பிரச்சினை இருக்கிறது. தனியாக இருக்கத் தெரியவில்லை. அதை இப்போது பழக்காமல் மேலே ஒரு குட்டியைப் போட்டு மூடினால், ஒருநாள் வெளியே வரும்.

மற்றதெல்லாம் கணக்குதான், சுருக்கமாகச் சொல்கிறேன். அவளுக்கு ஒன்பது மாதம். நம் வீட்டில் நீ பதினான்கு வயதில் எப்படி இருந்தாயோ அப்படி. சொன்னது எல்லாம் மறந்துபோகும் வயது. இன்றைக்கோ அடுத்த மாதமோ முதல் பருவத்துக்கு வருவாள், சுமார் மூன்று வாரம் இருக்கும். அதற்கு அடுத்த பருவத்தில் வீட்டில் ஒரு கடுவன் குட்டி வளர்ந்து நின்றால், அறுபத்து மூன்று நாளில் நீ எனக்கு வேறு மாதிரிக் கடிதம் எழுத வேண்டியிருக்கும். கருத்தடையை எப்போது செய்வது என்று உன் டாக்டரிடம் இப்போதே கேட்டு வை. ஒன்றரை மாதக் குட்டியைத் தாயிடமிருந்து பிரிப்பதே தப்பு, எட்டு வாரமாவது கூட இருக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசி முடிந்திருக்காது. பார்வோ என்கிற தொற்றுநோய் வந்தால் குட்டி தாங்காது. அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும். நீ காலை ஒன்பதுக்குப் போய் மாலை ஆறரைக்கு வருகிறவள். அந்தச் சின்னதுக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் மூத்திரம் வரும். யார் துடைப்பது? அக்காவா?

ஊருக்கு வருவதையும் யோசி. ரயிலில் நாயைக் கொண்டுவர வேண்டுமென்றால் முதல் வகுப்பு ஏசியில் தனி அறையே எடுக்க வேண்டும், இல்லையென்றால் கார்டு பெட்டியில் தனியாக விட வேண்டும். ஒன்று என்றால் எதிர்வீட்டில் இரண்டு நாள் பார்த்துக்கொள்வார்கள். இரண்டு என்றால் தீபாவளிக்கு நான்தான் அங்கே வர வேண்டும். குடியிருப்புச் சங்கத்துக்காரர் முறைக்கிறார் என்றாயே, அதற்குப் பயப்படாதே. நாயே வளர்க்கக் கூடாது என்று அவர்கள் தீர்மானம் போட முடியாது, விலங்கு நல வாரியம் 2015-லேயே வழிகாட்டுதல் கொடுத்துவிட்டது. மாநகராட்சி உரிமத்தை மட்டும் எடுத்து வைத்துக்கொள்.

"ஒத்தையா வளர்ந்தா கெட்டுப்போகும்" என்று உன் மாமியார் சொன்னதாகச் சொன்னாய். இதே வாக்கியத்தை உன்னைக் காட்டி என்னிடமும் அம்மாவிடமும் சொல்லாத உறவினர் கிடையாது. நீ கெட்டுப்போனாயா என்பதை மாப்பிள்ளையிடம்தான் கேட்க வேண்டும்.

சரி, அவளை என்னதான் செய்வது? காலையில் கேட்டைச் சுற்றிப் பத்து நிமிஷம் என்பது அவளுக்குப் போதாது. ஐந்தரைக்கு, தார் சுடுவதற்கு முன்னால், முக்கால் மணி நேரம் கூட்டிப்போ. இழுத்துக்கொண்டு நடக்காதே, மோந்து பார்க்க விடு. மூக்குக்கு வேலை கொடுத்தால் உடம்பு தானாகப் படுக்கும். பழைய துண்டில் அவள் சாப்பாட்டைத் தூவிச் சுருட்டிக் கொடு, பிரித்துத் தின்னட்டும்.

முக்கியமானது கதவு. சாவியை எடுத்ததுமே அவளுக்கு நடுக்கம் ஆரம்பிக்கிறது, வீடியோவில் தெரிகிறது. அதனால் சாவியை எடு, சோபாவில் உட்கார். செருப்பைப் போடு, அடுக்களைக்குப் போ. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. சாவிக்கு அர்த்தமே இல்லாமல் போக வேண்டும். அப்புறம் வெளியே போய் அரை நிமிஷத்தில் வா. அவள் அழ ஆரம்பிக்கும் முன்னாலேயே வந்துவிட வேண்டும். அப்புறம் இரண்டு நிமிஷம், ஐந்து, பத்து. ஒருநாள் சொதப்பினால் முந்தின நேரத்துக்கே திரும்பிப் போ. திரும்பி வந்து சோபா கிழிந்திருந்தால் திட்டாதே. அவள் முகத்தில் தெரிவது குற்ற உணர்ச்சி இல்லை, உன் குரலுக்குப் பயம். மூன்று நான்கு வாரம் செய்தும் அடங்காவிட்டால் டாக்டரிடம் போ, இதற்கு மருந்தும் உண்டு. வெட்கப்பட ஒன்றுமில்லை.

இரண்டாவது நாயை நான் வெறுக்கவில்லை. பின்தெரு வாத்தியார் வீட்டில் ஏழு வயதுக் கன்னி இன நாய்க்குப் பக்கத்தில் ஒரு குட்டி வந்தது. பெரியது ஒருமுறை உறுமியதில் குட்டி ஒழுக்கம் கற்றுக்கொண்டது. மூத்தது நிலைகொண்டிருந்தால் இளையது அதைப் பார்த்து நிலைகொள்ளும். கருப்பட்டிக்கு இரண்டு வயது ஆகட்டும். நீங்கள் வெளியே போனால் தூங்குகிற நாயாக ஆகட்டும். அப்போது, அவளுக்காக இல்லாமல், உங்கள் இருவருக்கும் இன்னொரு நாய் வேண்டும் என்று தோன்றினால் எடுங்கள். பெட்டை வேண்டாம், கருத்தடை செய்த கடுவனாகப் பார். வளர்ந்த நாயாக இருந்தால் இன்னும் நல்லது, குணம் முன்னாலேயே தெரிந்துவிடும். வீட்டுக்குள் சந்திக்க வைக்காதே. இரண்டு பேரும் ஆளுக்கு ஒன்றாகப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தெருவில், இடைவெளி விட்டு நடந்துகொண்டே கிட்டே வாருங்கள். சாப்பாட்டுத் தட்டு வேறு வேறு அறையில். சண்டை வந்தால் ஊடே கையை விடாதே. அம்மா கையை நினைத்துக்கொள்.

சனிக்கிழமை நீ அந்தத் தெருமுனை வீட்டுக்கு வேண்டாம் என்று சொல்லிவிடு. வெள்ளி ராத்திரி பொதிகை ரயிலில் எனக்கு டிக்கெட் போட்டாயிற்று. இரண்டு வாரம் இருப்பேன். "பேத்தியப் பாக்கப் போற மாதிரி கிளம்புறீங்க" என்று அம்மா கேலி செய்கிறாள். சப்பட்டை மாம்பழம் கொடுத்து அனுப்புகிறாள். கொட்டையைக் கருப்பட்டி கண்ணில் காட்டாதே, விழுங்கிவிடுவாள்.

ஆனால் ஒன்று. நான் வந்து ஹாலில் உட்கார்ந்துகொண்டால் அவள் அழ மாட்டாள், நீயும் சரியாகிவிட்டது என்று நினைப்பாய். அதுவும் சூரன் கதைதான். அதனால் நீங்கள் ஆபீசுக்குக் கிளம்பும்போது நானும் கூடவே வெளியே வந்துவிடுகிறேன். அரை நிமிஷம், இரண்டு நிமிஷம் என்று உள்ளே போய் வந்து பழக்குகிறேன். லிஃப்டுக்குப் பக்கத்தில் இருந்தால் மோப்பத்திலேயே கண்டுபிடித்துவிடுவாள். ஒரு மாடி கீழே, படிக்கட்டுத் திருப்பத்தில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு வை. அன்றைய பேப்பரும் வேண்டும்.

அன்புடன்,
அப்பா