வார்ட்டர் அருகே நிற்கும் மரங்கள்

லீட்ஸ்,
15.5.2011

மதிப்பிற்குரிய சித்தப்பாவுக்குக் குமரன் வணக்கத்துடன் எழுதும் கடிதம்.

இங்கு நானும் மீனாவும் நலம். தங்கள் நலமும் சித்தியின் நலமும் அறிய ஆவல். யார்க் நகர ஓவியக்கூடத்திற்கு டேவிட் ஹாக்னியின் நிலக்காட்சி ஓவியம் ஒன்று வந்திருக்கிறது என்று சென்ற கடிதத்தில் எழுதியிருந்தேன் அல்லவா, அதைப் பார்த்துவிட்டேன். காலமெல்லாம் பிள்ளைகளுக்கு ஓவியம் கற்பித்த தங்களிடம்தான் அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும்.

'வார்ட்டர் அருகே இன்னும் பெரிய மரங்கள்' என்ற பெயருடைய அந்த ஓவியத்தை (வார்ட்டர் என்பது யார்க்ஷயரில் உள்ள ஒரு சிற்றூர்) அவர் 2007-இல் வரைந்து, மறு ஆண்டு லண்டன் டேட் கலைக்கூடத்திற்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். வரிசைக்குப் பத்தாக ஐந்து வரிசைகளில் 50 கேன்வாஸ்களைச் சேர்த்து மாட்டிய ஒரே காட்சி அது. அகலம் 12 மீட்டருக்கும் சற்று அதிகம், உயரம் ஏறத்தாழ நாலரை மீட்டர். நடுவில் ஒரு பெரிய சிக்கமோர் மரம் கிளைகளை விரித்து நிற்கிறது. அதன் பின்னால் இளஞ்சிவப்புச் சாயலில் அடர்ந்த தோப்பு ஒன்றும், வலப்புறம் பாதி மறைந்த இரண்டு வீடுகளும், இடப்புறம் வளைந்து ஓவியத்தை விட்டே வெளியேறும் ஒரு சாலையும் தெரிகின்றன. மரத்தடியில் டாஃபடில் பூக்கள் சிறு மஞ்சள் தீற்றல்களாகத் தலைகாட்டுகின்றன. மனிதர் எவரும் இல்லை.

இலை துளிர்ப்பதற்குச் சற்று முந்தைய காலம் அது. இந்நாட்டில் ஆண்டில் பாதி நாள் மரங்கள் மொட்டையாகத்தான் நிற்கும். நம் ஊர்க் கண்ணுக்கு அது பட்டுப்போன தோட்டம் போலத் தோன்றும். ஆனால் அடிமரத்திலிருந்து கிளையும், கிளையிலிருந்து சிம்பும் எப்படிப் பிரிகின்றன என்பது இலை மூடாத அந்த நாட்களில்தான் தெரியும். ஹாக்னி அதைத்தான் வரைந்திருக்கிறார். அருகில் சென்று பார்த்தால், கேன்வாஸ்கள் கூடும் கோடுகளைத் தாண்டித் தாண்டி ஓடும் கிளைகள் மெலிந்து, கடைசியில் வெளிறிய வானத்தின் மீது இழுத்த வெறும் தூரிகைக் கோடுகளாகிவிடுகின்றன.

இவ்வளவு பெரிய ஓவியத்தை அவர் வயல்வெளியிலேயே நின்று வரைந்தார் என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு. ஜான் கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியரைப் போன்ற பழைய மேதைகள் வெளியில் குறிப்புச் சித்திரங்களை எழுதிக்கொண்டு, பெரிய படங்களை ஓவிய அறையில்தான் முடித்தார்கள். 1821-இல் வந்த கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி' ஓவியம்கூட லண்டனில் தீட்டப்பட்டதுதான். ஹாக்னியோ கேன்வாஸ்களைச் சில சிலவாக வண்டியில் ஏற்றிச் சென்று, சாலையோரத்தில் நின்று தீட்டினார். பின்னால் நகர்ந்து முழு ஓவியத்தையும் பார்க்க வழியில்லாததால், முடிந்த பகுதிகளைப் புகைப்படமெடுத்துக் கணினியில் ஒன்றுசேர்த்துப் பார்த்தபடியே அடுத்த பகுதிக்குப் போனார். துளிர் வந்துவிட்டால் காட்சியே மாறிவிடும் என்பதால் வேகமாகவும் முடிக்க வேண்டியிருந்தது. அந்த வேகம் கோடுகளில் தெரிகிறது. அதனால்தான் ஓவியத்திற்கு உயிர் வந்தது என்பது என் எண்ணம்.

அவர் 1937-இல் எங்கள் லீட்ஸுக்குப் பக்கத்து ஊரான பிராட்ஃபோர்டில் பிறந்தவர். சிறுவயதில் கோடை விடுமுறைகளில் இதே யார்க்ஷயர் வோல்ட்ஸ் குன்றுகளில் அறுவடை வேலை செய்தவர். பிறகு நெடுங்காலம் கலிஃபோர்னியாவில் வாழ்ந்து, வெயிலையும் நீச்சல் குளங்களையும் வரைந்து உலகப் புகழ் பெற்றார். 1997-இல் நோயுற்றிருந்த நண்பர் ஒருவரைப் பார்க்க அடிக்கடி இந்தக் குன்றுகள் வழியே போய்வந்தபோது வரையத் தொடங்கிய நிலக்காட்சிகள், கடைசியில் அவரை இங்கேயே இருத்திவிட்டன. பருவமாற்றம் அதிகம் தெரியாத இடத்தில் அத்தனை காலம் இருந்துவிட்டு வந்தவர் என்பதாலேயே, உள்ளூர்க்காரர்கள் காரில் கடந்துபோகும் ஒரு சாதாரணத் தோப்பின் முன் அவரால் அவ்வளவு நேரம் நிற்க முடிந்தது என்று நினைக்கிறேன். ஊரை விட்டு வந்தவனாகிய எனக்கு இது மனத்துக்கு மிகவும் நெருக்கமாக இருந்தது.

அந்த இளஞ்சிவப்புத் தோப்பைப் பற்றி மட்டும் தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன். நிறம் மிகையோ என்று மீனா கேட்டாள். மொட்டுவிடும் காலத்தில் மாலை வெயில் பட்ட சிம்புகளில் அப்படியொரு செம்மை படர்வதை நானே பார்த்திருக்கிறேன் என்பதால், அது சரியென்றே எனக்குப் படுகிறது. ஓவியத்தின் அச்சுப்படம் ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

தங்கள் அன்பு மகன்,
குமரன்