எலும்பு மாத்திரைய குடுக்கும்போது எப்படி போடணும்னும் சொல்லிக் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

எங்க மாமியாருக்கு 68 வயசு. போன வருஷம் பாத்ரூம்ல வழுக்கினப்ப கைய ஊனினாங்க, அதுக்கே மணிக்கட்டு முறிஞ்சிருச்சு. டெக்ஸா ஸ்கேன் பாத்துட்டு எலும்புல வலுவே இல்லன்னு வாரம் ஒண்ணு போடுற அலென்ட்ரோனேட் 70 மி.கி. எழுதிக் குடுத்தாங்க. மெடிக்கல் ஷாப்ல நாலு மாத்திரைய கவர்ல போட்டு மேல "ஞாயிறு காலை 1"னு எழுதினாங்க, அவ்வளவுதான்.

அத்தை ஞாயித்துக்கிழமை எந்திரிச்சதும் காப்பியோட அத முழுங்கிட்டு முட்டி வலின்னு திரும்ப போய் படுத்துக்குவாங்க. மூணாவது வாரம் நெஞ்செரிச்சல் ஆரம்பிச்சுது, அப்புறம் இட்லி முழுங்கினாலே நடு நெஞ்சுல குத்துதுன்னாங்க, நாங்களும் கேஸ் ட்ரபிள்னு நெனச்சு ஓமத்தண்ணி குடுத்துக்கிட்டு அந்த மாத்திரையையும் விடாம குடுத்துக்கிட்டே இருந்தோம், அத நெனச்சா இப்பவும் மனசு கெடந்து அடிச்சுக்குது. எண்டோஸ்கோப்பில பாத்தா உணவுக்குழாய்ல புண்ணு.

இந்த மாத்திரை தொண்டைக்கு கீழ ஒட்டி நின்னுட்டா அந்த எடத்தையே புண்ணாக்கிரும்னு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. வெறும் வயித்துல ஒரு பெரிய டம்ளர் பச்சத்தண்ணில முழுங்கிட்டு அரை மணி நேரம் படுக்காம, எதுவும் சாப்பிடாம நிமிந்து உக்காந்திருக்கணுமாம். மாசம் ஒண்ணு போடுற இன்னொரு எலும்பு மாத்திரை ஐபான்ட்ரோனேட் 150 மி.கி.க்கு ஒரு மணி நேரம். முறையா போட்டாலே 1 சதவீதம் கூட ரத்தத்துல சேராது, காப்பியோட போட்டா அதுலயும் பாதிக்கு மேல போயிரும். கால்சியம் மாத்திரையையும் இதோட சேத்து போடக்கூடாது. அமெரிக்காவுல அலென்ட்ரோனேட் வந்தது 1995ல, மறு வருஷமே உணவுக்குழாய் புண்ண பத்தி மருத்துவ இதழ்ல எழுதிட்டாங்க. இத்தன வருஷம் கழிச்சும் எங்க ஊர் கவுண்டர்ல இத சொல்ல ஆள் இல்ல.

ஸ்ட்ரிப்ப கட் பண்ணி குடுக்கும்போது உள்ள இருக்குற பேப்பரும் வர்றதில்ல, வந்தாலும் பொடி எழுத்துல இங்கிலீஷ்ல இருக்கும். அதனால கடைக்காரங்க கவர் மேலயே "வெறும் வயிறு, நெறைய தண்ணி, அரை மணி நேரம் படுக்காதீங்க"ன்னு தமிழ்ல எழுதிக் குடுக்கணும். எழுதிக் குடுக்குற டாக்டரும், முழுங்க கஷ்டமா இருக்கா, அரை மணி நேரம் நிமிந்து உக்கார முடியுமான்னு முதல்லயே கேக்கணும், முடியாதவங்களுக்கு ஊசி இருக்கு. அத்தைக்கு இப்ப வருஷம் ஒரு தடவை ஸோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி. டிரிப்ஸ்ல ஏத்துறாங்க, மொத தடவை ரெண்டு நாள் காய்ச்சல் இருந்துச்சு, ஆனா இட்லி வலியில்லாம எறங்குது.

இப்படிக்கு,
ஒரு மருமகள்