இனி ‘டைரக்ட்’ போட்டுத் தரமாட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை தொடங்கியதும் எங்கள் எலக்ட்ரிக்கல் கடைக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்புகள் வரும். “ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறது, ஓர் ஆளை அனுப்பி டைரக்ட் போட்டுவிடுங்கள்.” அதாவது, மின்கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் அந்தக் கருவியைச் சுற்றி வயரைக் கொடுத்து, அது இருந்தும் இல்லாததுபோல ஆக்கிவிட வேண்டும். இரண்டு நாளைக்கு மட்டும் என்று கேட்ட ஓரிருவருக்கு நாங்களும் அப்படிச் செய்து கொடுத்திருக்கிறோம். அந்த இரண்டு நாள் எந்த வீட்டிலும் இரண்டு நாளில் முடிந்ததில்லை. அதனால் இந்த ஆண்டு முதல் எங்கள் ஆட்கள் யாரும் அதைச் செய்யமாட்டார்கள். பழைய வாடிக்கையாளர், சொந்தக்காரர் என்ற சலுகையும் கிடையாது. கோபப்படுவதற்கு முன் காரணத்தைப் படித்துவிடுங்கள்.

“அதுதான் எம்.சி.பி. வரிசையாக இருக்கிறதே” என்பார்கள். எம்.சி.பி. என்பது மின்சாரம் அளவுக்கு மீறினால் விழுந்து வயரைக் காக்கும் சுவிட்ச், ஆளைக் காப்பது அதன் வேலை அல்ல. விளக்குகளுக்குப் போட்டிருக்கும் 6 ஆம்பியர் எம்.சி.பி., 6,000 மில்லி ஆம்பியர் வரை வாயே திறக்காது. ஈரக் கையும் வெறுங்காலுமாக 230 வோல்ட்டைத் தொட்டவர் உடலில் பாய்வது நூறு, இருநூறு மில்லி ஆம்பியர்தான். இதயத் துடிப்பைக் குலைக்க அது தாராளம். எம்.சி.பி.யோ, எங்கோ ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு எரிகிறது என்று நினைத்துக்கொண்டு சும்மா இருக்கும்.

ஆர்.சி.சி.பி. அப்படியல்ல, கறாரான கணக்குப்பிள்ளை. ஃபேஸில் போனது அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால்கூட, போனது வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனிதர் வழியாக, மண்ணுக்குப் போகிறது என்று பொருள். கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும். இந்தக் கருவிகள் இருக்கும் டிபி பாக்ஸைத் திறந்து பாருங்கள். கருவியின் முகப்பில் 30 மில்லி ஆம்பியர் அல்லது 0.03 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்க வேண்டும். 100 அல்லது 300 என்று இருந்தால் அது தீ விபத்தைத் தடுக்க வைத்தது, ஆளுக்குப் போதாது. அடிக்கடி விழக்கூடாது என்பதற்காகவே சில கட்டடங்களில் இதைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

சென்ற ஆண்டு மேற்கு மாம்பலத்தில் ஒரு வீடு. ஏசி போட்டால் ஆர்.சி.சி.பி. விழும்; விளக்கு, மின்விசிறி வரை ஒன்றும் ஆகாது. ஏசி மெக்கானிக் இரண்டு முறை வந்து, ஏசி நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். எங்கள் ஆள் எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக இறக்கிப் பார்த்தார். பயனில்லை, ஏனென்றால் சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டும்தான் துண்டிக்கும், நியூட்ரல் அப்படியே இருக்கும். பிறகு மெயினை அணைத்து, நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகர் என்ற இன்சுலேஷன் சோதனைக் கருவியை வைத்தபோது சமையலறை சர்க்யூட்டில் முள் பூஜ்யத்துக்குப் போனது, அதாவது அங்கே நியூட்ரல் எர்த்தைத் தொடுகிறது. மிக்ஸி பிளக் பாயின்டைக் கழற்றினால் பின்னால் விரல் நீளத்துக்கு ஒரு கறுப்பு வயர், நியூட்ரலிலிருந்து எர்த் முனைக்கு.

வீட்டில் எர்த்தே இல்லாத காலத்தில் யாரோ செய்த ‘ஏற்பாடு’ அது. பிறகு புதிதாக எர்த் இழுத்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை. ஏசி ஓடும்போது திரும்பி வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு இந்தக் குறுக்குவழியில் மண்ணுக்குப் போனது, கணக்குப் பிசகியது, கருவி விழுந்தது. இதை டைரக்ட் போட்டு மூடியிருந்தால் ஏசி ஓடியிருக்கும். ஆனால் எர்த் வயர் என்றைக்காவது துருப்பிடித்து அறுந்து, நியூட்ரலும் எங்காவது கழன்றால், மிக்ஸியின் இடத்தில் சொருகிய எந்தச் சாதனத்தின் இரும்பு உடம்பிலும் முழு 230 வோல்ட் வந்து நின்றிருக்கும். சரிசெய்ய ஆன பொருட்செலவு? ஒன்றுமில்லை, அந்தத் துண்டு வயரை வெட்டி எடுத்ததுதான். கண்டுபிடிக்க ஒரு முற்பகல் போனது, கூலி அதற்குத்தான்.

மழைக்காலத்தில் விழுவதற்குப் பெரும்பாலும் பால்கனி விளக்கு, வாசல் அழைப்பு மணி, சம்ப் மோட்டார் இவற்றில் ஏதாவது ஒன்றில் நீர் இறங்கியிருக்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்று முனைகளைத் தின்றுவிடுகிறது. இன்வெர்ட்டர் வைத்தவர் மெயின் நியூட்ரலையும் இன்வெர்ட்டர் நியூட்ரலையும் ஒன்றாக முறுக்கிவிட்டாலும் விழும். எல்லாம் சரிசெய்யக்கூடியவைதான்.

எர்த் இல்லாவிட்டாலும் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும். ஆனால் அப்போது கசிவை அது அறிவது நீங்கள் தொட்ட பிறகுதான். எர்த் நன்றாக இருந்தால் கசிந்த உடனேயே விழும். ஃபிரிட்ஜைத் தொட்டால் சுருக்கென்கிறது என்று செருப்பு போட்டுக்கொண்டு சமாளிக்கும் வீடுகள் முதலில் எர்த்தைப் பாருங்கள். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்துக்கொண்டால் எந்த ஆர்.சி.சி.பி.யும் காப்பாற்றாது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கருவியில் ‘T’ என்ற ஆங்கில எழுத்தோடு ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறை அழுத்துங்கள். விழுந்தால் நல்லது, விழாவிட்டால் உடனே மாற்றியாக வேண்டும். நாங்கள் ஆர்.சி.சி.பி. விற்பவர்கள்தான், மறைக்கவில்லை. ஆனால் பொத்தானை அழுத்தக் காசு கேட்கமாட்டோம்.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை: தரைத்தளத்துக்குத் தண்ணீர் வரும் என்று தெரிந்தால், வருவதற்கு முன்பே மெயினை அணைத்துவிடுங்கள். தண்ணீரில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதீர்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. வடிந்த பிறகு சேறு போய்விட்டது என்பதற்காக மெயினைப் போட்டுவிடாதீர்கள். பிளக் பாயின்ட் பெட்டிக்குள் ஈரம் பல நாள் தங்கும். மெகர் வைத்துப் பார்த்த பிறகு போடலாம்.

மழைக்கு முன் வீட்டைச் சோதித்துக்கொள்ள விரும்புகிறவர்கள் இப்போதே நாள் சொல்லிவிடுங்கள். ஆயுத பூஜையன்றும் மறுநாளும் மெகர், டெஸ்டர், கட்டிங் பிளையர் எல்லாம் சந்தனம் குங்குமத்தோடு பூஜையில் இருக்கும். யாரையும் வேலைக்கு அனுப்ப இயலாது. மாலையில் கடை திறந்திருக்கும், பொரி வாங்கிக்கொண்டு போக வாருங்கள்.

இப்படிக்கு,
கடை உரிமையாளரும் பணியாளர்களும்
மேற்கு மாம்பலம், சென்னை