ஸ்ரீஹரிகோட்டா பக்கம் போய்வந்தோம்

திருவொற்றியூர்

அன்புள்ள முரளிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே இருவரும் நலம். அம்மாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நார்த்தங்காய் ஊறுகாய் பார்சலை இன்னும் அனுப்பவில்லை. நீ அனுப்பிய புது முகவரியில் உன் பெயர் மட்டும்தான் இருந்தது. நித்யா பெயரையும் சேர்த்து எழுதலாமா என்று அம்மா கேட்டாள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நீ சொன்ன பிறகு அனுப்புகிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நாங்கள் ஸ்ரீஹரிகோட்டா பக்கம் போய்வந்தோம். டொரோண்டோவில் எங்களைப் படகில் தீவுக்குக் கூட்டிப்போனீர்களே, அன்றைக்கு நித்யா, "மெட்ராஸ் பக்கம் இந்த மாதிரி ஏரியில தீவு இருக்கா மாமா?" என்று கேட்டாள். அந்தத் தீவு ஒருகாலத்தில் கரையோடு ஒட்டியிருந்தது, 1858இல் அடித்த புயல்தான் அதைத் துண்டித்தது என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். நான் பழவேற்காடு ஏரியையும் அதை ஒட்டிய ஸ்ரீஹரிகோட்டா தீவையும் பற்றிச் சொல்லி, நீங்கள் வரும்போது கூட்டிப்போகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். வழியெல்லாம் ஒருமுறை பார்த்துவைத்தால்தானே நாளைக்கு உங்களைக் கூட்டிப்போக முடியும்?

சூலூர்பேட்டை மின்சார ரயிலில் போனோம். எண்ணூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி எல்லாம் தாண்டி, ஆரம்பாக்கத்தோடு நம் மாநிலம் முடிகிறது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் பிள்ளைகளைப் பற்றி விசாரித்தார். கனடாவில் பாலம் கட்டும் இன்ஜினியர் என்று நான் சொன்னதும் பெட்டியில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அந்தச் சந்தோஷத்தை என்னால் மறைக்க முடியவில்லை. மருமகள் என்ன செய்கிறாள் என்று அடுத்துக் கேட்டார். அவளும் நல்ல வேலையில் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ராக்கெட் விடுவதற்கு முன் இஸ்ரோ தலைவர்கள் வந்து கும்பிடும் செங்காளம்மன் கோயில் சூலூர்பேட்டையில்தான் இருக்கிறது. உன் பெயருக்கும் நித்யா பெயருக்கும் சேர்த்தே அம்மா அர்ச்சனை செய்தாள். அப்புறம் ஆட்டோ பிடித்தோம். சாலை ஏரிக்குள்ளேயே போகிறது, இரண்டு பக்கமும் தண்ணீர். ஆழம் அதிகமில்லை, ஆட்கள் இடுப்பளவு நீரில் நின்றபடி வலை இழுக்கிறார்கள். மழைக்கு ஆற்றுத் தண்ணீரும், முகத்துவாரம் வழியாகக் கடல் தண்ணீரும் வந்து கலப்பதால்தான் அங்கே மீனும் இறாலும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால் எல்லாம் குறைந்துபோகும் என்று ஆட்டோக்காரர் சொன்னார். மீனவர்கள் தோண்டித் திறந்துவிட வேண்டியிருக்குமாம்.

பூநாரைகளை நித்யா பார்க்க வேண்டும். கண்ணுக்கு எட்டிய வரை நிற்கின்றன. தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக நீருக்குள் விட்டு, சேற்றை வடிகட்டித் தின்கின்றன. குஞ்சாக இருக்கும்போது சாம்பல் நிறம்தான். அந்த இளஞ்சிவப்பு, தின்னும் பாசியிலிருந்தும் சின்னச் சின்ன இறால்களிலிருந்தும் வருவது. சரியான தீனி இல்லாவிட்டால் வெளுத்துப்போகுமாம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? வீடியோவில் முகம் ஒரு சுற்று இறங்கித் தெரிகிறது. ராத்திரியாவது சமைத்துச் சாப்பிடு.

தீவின் வாசல் வரை போனோம். பாஸ் இல்லாமல் உள்ளே விடுவதில்லை. ராக்கெட் விடும் நாளில் முன்பதிவு செய்தால் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்க மாடம் கட்டியிருக்கிறார்கள். ராக்கெட்டுக்கு முன்னால் அது வெறும் காடு, அதில் யானாதிப் பழங்குடி ஜனங்கள் வாழ்ந்தார்கள். ஏவுதளம் வந்தபோது அவர்களில் பலரைக் கரைக்கு அனுப்பிவிட்டார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மெட்ராஸ் அடுப்புகளுக்கு விறகு வந்ததும் அந்தக் காட்டிலிருந்துதான். கொருக்குப்பேட்டையில் உன் கொள்ளுத்தாத்தா வைத்திருந்த விறகுத்தொட்டிக்குப் பக்கிங்காம் கால்வாயில் படகு படகாக வரும் என்று தாத்தா சொல்வார். 1806இல் எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்த கால்வாய் அது. 1876 முதல் 1878 வரையிலான பஞ்சத்தில் பிழைக்க வழியில்லாத ஜனங்கள் கூலிக்கு மண் சுமந்து அதை நீட்டினார்கள். இன்று நம் பக்கம் அதில் சாக்கடைதான் ஓடுகிறது.

1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோள் அங்கிருந்து மேலே போனபோது ரேடியோவைச் சுற்றித் தெருவே நின்றது. அதற்கு முந்தின ஆகஸ்டில் விட்ட ராக்கெட் கடலில் விழுந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. கலாம்தான் அந்தத் திட்டத்தின் இயக்குநர். ஆனால் அன்றைக்குப் பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, தோற்றுவிட்டோம் என்று சொன்னவர் இஸ்ரோவின் அன்றைய தலைவர் சதீஷ் தவான். அந்த ஏவுதளத்துக்கு இப்போது அவர் பெயர்தான் வைத்திருக்கிறார்கள். இதை நான் உனக்குச் சின்ன வயதிலேயே சொல்லியிருக்கிறேன், மறந்திருக்க மாட்டாய்.

முரளி, ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடும்போதெல்லாம் நித்யா தூங்குகிறாள், குளிக்கிறாள், கடைக்குப் போயிருக்கிறாள். தீபாவளிக்கும் அவள் குரல் கேட்கவில்லை. பெரியவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீயே எல்லாவற்றையும் சுமப்பது எனக்குப் பிடிக்கவில்லை. சம்பாதிக்கிறாய், வீட்டுக் கடனை அடைத்தாய், அம்மாவின் கண் ஆபரேஷனுக்குக் கேட்காமலே பணம் அனுப்பினாய். எந்தப் பிள்ளை செய்வான்? இதை மட்டும் ஏன் எங்களிடமிருந்து தள்ளி வைக்கிறாய்? ராத்திரி சமைத்துச் சாப்பிடு. தனியாக இருந்தாலும் சமைத்துச் சாப்பிடு.

பறவைகள் மார்ச் வரை இருக்கும். ஜனவரியில் லீவு போட்டுவிட்டு வா. சேர்ந்து வந்தாலும் சரி, நீ மட்டும் வந்தாலும் சரி, மாடி அறையை அம்மா ஒழித்து வைத்துவிட்டாள். சூலூர்பேட்டையில் காலையிலேயே கிளம்ப வண்டி சொல்லி வைக்க வேண்டும். எத்தனை பேர் என்று மட்டும் எழுது. மற்றதை நீயாகச் சொல்லும் வரை நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன்.

அன்புடன்,
அப்பா