தொட்டியில் முளைத்த கோரை

முசிறி

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படத்தை நானும் அம்மாவும் பெரிதாக்கிப் பார்த்தோம். ரோஜாத் தொட்டியில் புல் மண்டிவிட்டது, பிடுங்கப் பிடுங்க வருகிறது என்று எழுதியிருந்தாய். அது புல் இல்லையம்மா, கோரை. நீயே தொட்டு உறுதி செய்துகொள். பூக்காம்பை இரு விரல்களுக்கு நடுவே உருட்டு. புல்லின் தண்டு வழுக்கிக்கொண்டு உருளும். கோரை மூன்று விளிம்புகளால் தட்டும். குறுக்கே அறுத்தால் முக்கோணம் தெரியும், உள்ளே குழலாக இல்லாமல் சதை நிறைந்திருக்கும். கணு இருக்காது.

கோரையிலும் எது என்பதைக் கிழங்குதான் சொல்லும். பூங்கதிர் செம்பழுப்பாக இருந்தால் ஆழமாகத் தோண்டிப் பார். கறுத்த சிறு கிழங்குகள், கம்பி போன்ற தண்டில் மணி கோத்ததுபோல் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால் அது கோரைக்கிழங்கேதான். நசுக்கி முகர்ந்து பார். சிறுவயதில் அம்மா உனக்குத் தேய்த்த குளியல் பொடியின் வாசம் வரும். நீ பிடுங்கும்போது இலை மட்டும் கையோடு வருகிறது, கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி துளிர்க்கிறது. 90-க்கும் மேற்பட்ட நாடுகளில் உழவர்களை வாட்டும் களை இது. தொட்டி மண்ணோடு உன் வீட்டுக்கு வந்திருக்கும்.

ஆனால் கோரை என்றாலே களை என்று நினைத்துவிடாதே. நம் ஊர்ப் பக்கம் காவிரித் தண்ணீரில் பயிராக வளர்க்கிறோமே பாய்க்கோரை, அது இதற்குப் பங்காளி. ஆளுயரம் நிற்கும், இலை என்று சொல்ல அடியில் உறை மட்டும்தான். ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் அறுக்கலாம். தாமிரபரணிக் கரையில் பத்தமடைக்காரர்கள் அந்தத் தண்டை இழை இழையாகக் கிழித்து, ஆற்று நீரில் ஊறவைத்து, பட்டுப்போல் மடியும் பாய் நெய்கிறார்கள். உன்னைப் பெற்றெடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று கிடத்தியதும் கோரைப்பாயில்தான்.

களைக்கொல்லி ஊற்றாதே, ரோஜாவும் போய்விடும். செடியை வேரோடு எடுத்து வைத்துவிட்டு, மண்ணைச் செய்தித்தாளில் கொட்டிச் சலித்து, ஒவ்வொரு கிழங்காகப் பொறுக்கு. ஒரு துண்டுகூட விடாதே. கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பொங்கலுக்கு வரும்போது எடுத்து வா. பேத்திக்குப் பொடி அரைக்க வேண்டும் என்று அம்மா இப்போதே கேட்கிறாள்.

அன்புடன்,
அப்பா