தங்க ப்ரூஃப் நாணயங்களுக்குத் தரம் போடுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தர மதிப்பீட்டு நிறுவனங்களில் நாணயம் பார்த்து எண் போடுகிறவர்களுக்கும், ஏலப் பட்டியல் எழுதுகிறவர்களுக்கும்,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வந்த அமெரிக்கத் தங்க ப்ரூஃப் நாணயங்களைப் பற்றி, அதாவது புழக்கத்துக்கு இல்லாமல் சேகரிப்பாளர்களுக்கென்று தனிக் கவனத்தோடு அடித்தவற்றைப் பற்றி, உங்களிடம் ஒரு வேண்டுகோள் இருக்கிறது. நீங்கள் ஒட்டும் லேபிளில் 70-க்கு இத்தனை என்று ஒரு எண் இருக்கிறது. உருவத்துக்கும் வெற்றுப் பரப்புக்கும் வேறுபாடு நன்றாகத் தெரிந்தால் கேமியோ என்ற சொல்லும் சேருகிறது. ஆனால் இந்த நாணயத்தின் மேல் இதுவரை யாரும் கை வைக்கவில்லை என்று சொல்ல அதில் ஓர் இடம் கிடையாது. அந்த இடத்தைத்தான் கேட்கிறேன்.

எவ்வளவு குறைவான நாணயங்களைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1883-இல் பிலடெல்பியா நாணயச்சாலை 20 டாலர் தங்க நாணயத்தை ப்ரூஃபாக மட்டுமே அடித்தது. மொத்தமே 92. அடுத்த ஆண்டு 71. அதில் தப்பி வந்ததே கொஞ்சம். தப்பியவற்றிலும் பலவற்றை யாரோ ஒருவர் எப்போதோ துணியால் துடைத்துவிட்டார். துடைப்புக்கும் அமிலத்துக்கும் தப்பியது என்று பார்த்தால், மிகச் சிலவே தேறும்.

அப்படிப்பட்ட ஒரு நாணயத்தை ஒற்றை விளக்கின் கீழ் மெல்லச் சாய்த்துப் பாருங்கள். கண்ணாடி போன்ற வெற்றுப் பரப்பில் ஒரு நுண்ணிய அலைவு ஓடும். ஆரஞ்சுத் தோல் என்று நாமெல்லாம் சொல்வது அதைத்தான். அந்தக் கால வேலைப்பாட்டோடு பிறந்த அமைப்பு அது. தேய்த்து மெருகேற்றினால் போய்விடும், திரும்ப வராது. அதன் மேல் லேசான செம்மை கலந்த ஒரு படலம் இருக்கும். தங்கம் கறுக்காது என்பது உண்மைதான், ஆனால் இந்த நாணயங்களில் 90 சதவீதம்தான் தங்கம். மீதியில் பெரும்பங்கு செம்பு, அது காலப்போக்கில் காற்றோடு வினை புரிந்து தன் நிறத்தைக் காட்டும். அங்கங்கே சிறு செம்புப் புள்ளியும் விழும். டிப் செய்தால், அதாவது அமிலக் கரைசலில் முக்கி எடுத்தால், படலம் போய், எங்கும் ஒரே மாதிரி வெளிறிய மஞ்சள் மிஞ்சுகிறது. பார்க்கப் புதுசாகத்தான் இருக்கும். அந்தப் புதுசுக்கு ஒரு எண் கூடினால், அடுத்த நாணயத்தையும் டிப் செய்யச் சொல்லி நீங்களே அனுப்பிவைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

இது வெறும் ஊகம் இல்லை. ஒரே நாணயம் சில ஆண்டு இடைவெளியில் வேறு வேறு ஏலங்களில் வரும்போது, பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துச் சேகரிப்பாளர்கள் ஒப்பிடுகிறோம். அதே சிறு குழி, அதே நூல் தடம். ஆனால் படலம் இல்லை, எண் மட்டும் ஏறியிருக்கிறது. கீறலை மறைக்கப் புட்டி பூசுவது இதைவிட மோசம். பூசிய புதிதில் கண்ணுக்குத் தெரியாது. சில ஆண்டுகளில், நீங்கள் லேபிளோடு மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள்ளேயே பால் படர்ந்தது போல் வெளுக்கும். அதற்குள் பணம் கைமாறியிருக்கும். லேசரால் புள்ளியை நீக்கியவற்றில் அந்த இடம் உருகி வழிந்திருப்பது உருப்பெருக்கியில் தெரியும். இதையெல்லாம் கண்டுபிடிக்கும் திறமை உங்களிடம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. நாணயச்சாலையிலேயே உண்டானதைக் குறை என்று எண்ணி விலக்குகிறோம். அச்சைத் துடைத்த துணியிலிருந்து ஒரு நூல் ஒட்டிக்கொண்டால், அடிக்கும்போது அது நாணயத்தில் வளைந்த பள்ளமாகப் பதியும். அது பிறவிக் குறி, காயம் அல்ல. அச்சை மெருகேற்றியபோது விழுந்த கோடுகள் நாணயத்தில் மேடாக எழும்பி நிற்கும். எழுத்தின் ஓரம் வரை வந்து அங்கேயே நின்றுவிடும். துடைத்ததால் வந்த மயிரிழைக் கீறல் பள்ளமாக இருக்கும். எழுத்தின் மேலும் ஏறித் தொடரும். ஏலப் பட்டியலில் இரண்டையும் 'சில கோடுகள்' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். அதே போல 1902 முதல் சில ஆண்டுகள் அச்சில் உருவத்தையும் சேர்த்தே மெருகேற்றினார்கள், அதனால் அந்த நாணயங்களில் கேமியோ வேறுபாடு இருக்காது. அடித்தவர்கள் கொடுக்காத ஒன்று இல்லை என்பதற்காக அவற்றைக் கீழே இறக்க வேண்டாம்.

1908-இல் வந்த மணல் வீச்சு ப்ரூஃப்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அடித்த பிறகு நுண்மணலை வீசி மங்கலாக்கியவை அவை. சேகரிப்பாளர்களுக்குப் பிடிக்கவில்லை என்று 1909, 1910-இல் வேறு மெருகுக்கு மாறினார்கள். அதுவும் பிடிக்காமல் போகவே, 1911-இல் மறுபடி மணலுக்கே வந்து 1915 வரை தொடர்ந்தார்கள். அந்தப் பரப்பில் விரல் ஒரு முறை உரசினால் போதும், அந்த இடம் பளபளக்கத் தொடங்கிவிடும். அதைச் சரி செய்ய வழியே இல்லை. மற்ற ப்ரூஃப்களில் பளபளப்பைத் தேடிப் பழகிய கண்ணோடு இவற்றைப் பார்க்கவே கூடாது.

சரி, என்ன செய்யலாம்? லேபிளில் எண்ணுக்குப் பக்கத்தில், மேற்பரப்பு தொடப்படாதது என்று உங்களுக்கு உறுதியாகத் தெரிந்தால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள். உங்கள் நிறுவனமே ஒரு நாணயத்தைச் சுத்தம் செய்து கொடுத்தால், அதையும் அதே லேபிளில் எழுதுங்கள். ஏலக்காரர்கள் நேர் வெளிச்சத்தில் எடுத்த படத்தோடு, சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த ஒரு படத்தையும் சேர்த்துப் போடுங்கள். படலமும் அலைவும் அதில்தான் தெரியும். செம்புப் புள்ளி இருந்தால் அதைப் படத்தில் மறைக்க வேண்டாம். அதைப் பார்த்த பிறகும் வாங்க எங்களில் பலர் இருக்கிறோம்.

மரியாதையுடன்,
ஒரு சேகரிப்பாளர்